இல்லாத காட்சி

சீனத் தொடர்களில் வயிற்றில் வாள் இறங்கியவன் ஐந்து நிமிடம் வசனம் பேசிவிட்டுத்தான் சாவான். கடைவாயில் நூல் பிடித்தாற்போல ஒரே ஒரு கோடு ரத்தம் வழியும். வெள்ளை அங்கியில் ஒரு சொட்டு சிந்தாது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நீதிபதிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இத எடுத்தவன் ஒருத்தனும் ரத்தத்தக் கண்ணால பாத்ததில்லடி," என்பாள். "வயித்துல குத்து வாங்குனவன் துணி எப்படி வருதுன்னு இங்க வந்து ஒரு நாள் நிக்கச் சொல்லு. காதலியாம், கண்ணீராம், வசனமாம். அம்மான்னு கத்தவே மூச்சு பத்தாது."

சொல்ல அவளுக்கு உரிமை உண்டு. ஆயிரம் கட்டில் போட்ட ஆஸ்பத்திரி ஒன்றின் பின்புறத்தில் சலவைக்கூடம். அங்கே அழுக்குத் துணி பிரிக்கிற மேசை பதினோரு வருடமாக அவள் கையில். முழங்கை வரை ரப்பர் உறை, கழுத்திலிருந்து தொங்கும் ரப்பர் ஏப்ரன், வாய்க்கு முகமூடி. விபத்துப் பிரிவு மூட்டையை அவிழ்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள்: இது மூக்கு உடைந்தது, இது மண்டை, இது பிரசவம், இது கண்ணாடி கிழித்தது. ரத்தத் துணியை மற்றதோடு சேர்க்கக் கூடாது. முதல் அலசல் பச்சைத் தண்ணீரில்தான். வெந்நீரில் போட்டால் கறை வெந்து நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் எந்தக் கொம்பன் வந்தாலும் போகாது. துணியோடு துணியாக ஊசி வரும், கத்தரிக்கோல் வரும். ஒரு தடவை தலையணை உறைக்குள்ளிருந்து இரண்டு கடைவாய்ப் பற்கள் மேசையில் விழுந்து உருண்டன. அவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மிச்சத் துணியைப் பிரித்தாள்.

நீதிபதி என்பது சலவைக்கூடத்துக்காரிகள் வைத்த பட்டம். மதிய இடைவேளை அரை மணி நேரத்தில் சோப்புத் தூள் டிரம் மேல் போனைச் சாய்த்துவைத்து, தமிழில் குரல் கொடுத்த கொரியத் தொடரோ சீனத் தொடரோ பார்ப்பார்கள். பார்ப்பது மூன்று பேர்: நீதிபதி, துவைக்கும் மெஷின்களைக் கவனிக்கிற மெஷின் அக்கா, இஸ்திரி உருளையில் நிற்கிற ஒரு நெட்டைக்காரி. தீர்ப்பு சொல்வது ஒருத்திதான். மற்ற இருவரும் சாப்பாட்டு டப்பாவைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவதோடு சரி.

தீர்ப்பெல்லாம் வெட்டு ஒன்று, துண்டு இரண்டுதான். கொரியாக்காரன் அழுகையில் கெட்டிக்காரன், அடிதடியில் கஞ்சன். பணக்கார மாமியார்களுக்கு மருமகள் மூஞ்சியில் ஒரு கிளாஸ் தண்ணீரை ஊற்றுவதைத் தவிர வேறு ஆயுதம் தெரியாது. தாய்லாந்துத் தொடரில் ஓர் அறை விழுந்தால் கேமரா மூன்று பக்கமும் சுற்றிக் காட்டும், ஆனால் அடுத்த காட்சியில் கன்னம் புதுசாக இருக்கும். "நல்லா விழுந்த அறைக்கு ஒரு வாரம் தடம் இருக்கும். மொத நாள் செவப்பு, அப்புறம் நீலம், அப்புறம் மஞ்சள். இவ என்ன, ரப்பர் வெச்சு அழிச்சாளா?" சீனத் தொடரில் மலையுச்சியிலிருந்து விழுந்த எவனும் செத்ததாகச் சரித்திரம் இல்லை. ஜப்பான்காரன் தேவலை. குத்தினால் குத்தினதுதான், பத்து எபிசோடில் கடையைக் கட்டிவிடுவான். ஆனால் அதில் யாரும் யாரிடமும் மனசு விட்டுப் பேசாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் இவளுக்கு மூச்சு முட்டும்.

எல்லாவற்றையும்விட ஒரு விஷயத்தில் அவளுக்கு ஈவிரக்கமே கிடையாது. அடி வாங்கிவிட்டு அதே வீட்டில் நிற்கிற பெண். அவளைப் படியில் தள்ளிவிட்டவன் பத்து எபிசோட் கழித்து மழையில் மண்டியிட்டு அழுவான், அதைப் பார்த்து அந்தப் பெண்ணும் அழுவாள், பின்னால் வயலினும் சேர்ந்து அழும். அந்த இடத்தில் நீதிபதி போனை நோக்கிக் கையை நீட்டி, "அவளுக்கு வேணும்," என்பாள். மேல்முறையீடு கிடையாது.

அதற்கும் அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. கல்யாணம் என்று ஒன்று அவளுக்கும் நடந்து ஒன்றரை வருடம் ஓடியது. முதல் அடி விழுந்த மறுநாள் காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவள்தான், திரும்பிப் பார்க்கவில்லை. அந்தக் காலைப்பொழுதை மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தாள். நம்மால் முடிந்தது ஊரில் எல்லோராலும் முடியும் என்று நினைப்பவர்களோடு பேச்சு வைத்துக்கொள்வதே ஆபத்து. இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு இருந்த ஒரே சொந்தம் பத்து வயது இளைய தங்கை. பெற்றவர்கள் போன பின்பு சின்னவளைப் படிக்கவைத்தது இவள், கல்யாணம் செய்துவைத்ததும் இவள். நான்கு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். எல்லோருக்கும் அவன் வாத்தியார். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் கண்ணை மூடிக்கொள்கிற ஆட்களைக்கூட, பக்கத்து இருக்கையில் இருந்துகொண்டு, தன் காலடியில் ஒரு பிரேக்கை வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேசிப் பேசியே சாலைக்குக் கொண்டுவந்துவிடுவான். அவன் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. பத்து இடம் அலசிப் பார்த்து நீதிபதிதான் அவனைத் தேர்ந்தெடுத்தாள்.

அக்கா தங்கைக்குள் ஒரு பழக்கம் இருந்தது. வீடுகள் நகரத்தின் இரண்டு மூலையில். தினமும் பிற்பகல் மூன்றரைக்கு, அக்காவின் ஷிஃப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வந்ததும், "அமுக்கு" என்று ஒரு செய்தி போகும். அந்த நொடியில் இரண்டு வீட்டிலும் ஒரே எபிசோட் தொடங்கும். முடிந்ததும் அக்கா ஐந்து நிமிடத்துக்குக் குரலில் தீர்ப்பு பதிந்து அனுப்புவாள். சின்னவள் சிரித்துக்கொண்டே பதில் பதிந்து அனுப்புவாள். எட்டு மாதத்துக்கு முன்பு அந்தக் குரல் நின்றுவிட்டது. எழுத்தில் மட்டும் பதில் வந்தது.

"என்னடி, வாயில கொழுக்கட்டையா?" என்று இவள் கேட்டாள்.

"தொண்ட சரியில்லக்கா," என்று வந்தது.

சோம்பேறி என்று முடிவு கட்டிவிட்டு அதோடு விட்டாள்.

எழுத்தில் வந்த கேள்விகளில் சில விசித்திரமாக இருந்தன. ஒரு கொரியத் தொடர் ஓடிக்கொண்டிருந்தபோது சின்னவள் கேட்டாள்: "அவன் தினம் அவ போனைப் பிடுங்கி ஒவ்வொரு மெசேஜா படிக்கிறான்ல, அவ என்னக்கா பண்ணிருக்கணும்?" நீதிபதிக்கு அப்படி ஒரு காட்சி நினைவில் இல்லை. விடிகாலை ஆறு மணியிலிருந்து மூட்டை பிரித்த உடம்பு. எபிசோடின் நடுவே கண் சொக்கித் தலை தொங்கிப்போவது உண்டு. தூங்கிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ளலாம். ஆனால் நீதிபதி தூங்கினாள் என்று தெரிந்தால் அப்புறம் அந்தத் தீர்ப்புக்கு என்ன மரியாதை? பார்த்த மாதிரியே பேசினாள்.

"போனக் குடுக்குறவ மேலதான் தப்பு. அவளுக்கு வேணும்."

இன்னொரு நாள், "சூடான தட்டத் தூக்கி அவ மேல வீசினானே," என்று வந்தது. இவள் அதையும் பார்த்திருக்கவில்லை. அதற்கும் தீர்ப்பு சொன்னாள். தட்டு வந்த பிறகும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தாளே, அவளைச் சொல்ல வேண்டும் என்றாள்.

அப்புறம் அந்தப் பெரிய சீனத் தொடர் வந்தது. ராஜா காலத்துக் கதை, நாற்பது எபிசோட். போர்த் தளபதி ஒருவன், சந்தேகப் பேய் பிடித்தவன், மனைவியைப் பனிக்காற்று வீசும் அறையில் அடைத்து வைக்கிறான். குதிரைச் சாட்டையால் முதுகை உரிக்கிறான். சலவைக்கூடமே அதில் விழுந்து கிடந்தது. பத்தொன்பதாவது எபிசோட் முடிந்ததும் சின்னவள் எழுதினாள்: "அவனுக்கும் உள்ள ஏதோ காயம் இருக்கோ என்னவோ."

நீதிபதி ருத்ர தாண்டவம் ஆடிவிட்டாள். ஏழு நிமிடப் பதிவு. "காயம் இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போகட்டும், பொண்டாட்டி முதுகு என்ன பஞ்சா? இந்த மாதிரி உதை வாங்கிட்டு அவனுக்குப் பரிஞ்சு பேசுற ஒருத்தி எனக்குத் தங்கச்சியா இருந்தான்னு வெய்யி, என் வாசப்படி மிதிக்க விடமாட்டேன். செத்தாலும் போய் எட்டிப் பாக்க மாட்டேன்." கடைசியில் சிரிப்பு வேறு.

இரண்டு நாள் சின்னவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் "அமுக்கு" என்று இவள் அனுப்பியதும் "சரிக்கா" என்று வந்தது. எபிசோட் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அவள் கருத்து வந்தது, எழுத்துப் பிழைகளோடு: "அவ வெளிய போகப் போனப்ப விரல கதவிடுக்குல வெச்சு அடச்சான்ல. ரெண்டு தடவ. அது கொஞ்சம் ஓவர் இல்லக்கா?"

இங்கேதான் நீதிபதிக்கு இடித்தது. போன் பிடுங்கியதை, தட்டு வீசியதைத் தூக்கத்தில் விட்டிருக்கலாம். விரல் நசுங்குகிற காட்சியை விடுவாளா? அது அவள் இலாகா. நகம் கழன்றதைக் காட்டினானா, ரத்தம் சொட்டியதா, பீறிட்டதா என்று பார்க்காமல் எப்படி மார்க் போடுவது?

எபிசோடைத் திரும்ப ஓட்டினாள். இல்லை. இரண்டாவது முறை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். இல்லை. தளபதியே அதில் தலைகாட்டாததால், தமிழில் போடுகிறவர்கள்தான் கை வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்து, ஒரு வார்த்தை புரியாத மூலச் சீன மொழியில் நாற்பத்தைந்து நிமிடமும் உட்கார்ந்து பார்த்தாள். அதிலும் இல்லை. கோபம் தலைக்கேறியது. தொடரை வெளியிட்டவர்களின் இணையப் பக்கத்தில் போய், "முக்கியமான காட்சியை வெட்டிவிட்டு எங்களை முட்டாளாக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் போட்டாள். முன்பின் தெரியாத பத்துப் பேர் வந்து அப்படி ஒரு காட்சியே கிடையாது என்றார்கள். பத்துப் பேரோடும் தனித்தனியாகச் சண்டை போட்டாள். என் தங்கை பார்த்திருக்கிறாள் என்றாள். இப்படியே மூன்று நாள் போனது. அந்த மூன்று நாளில் தங்கையைப் போனில் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கேட்டால் தான் பார்க்கவில்லை என்பது தெரிந்துபோகுமே.

நான்காம் நாள் மதிய இடைவேளையில் வழக்கை மெஷின் அக்காவிடம் கொண்டுபோனாள். மெஷின் அக்கா அதிகம் பேசாதவள், ஆனால் நாற்பது எபிசோடையும் இரண்டு முறை முடித்தவள்.

"எந்த எபிசோடு?"

"இருபத்தி ரெண்டு."

"விரல அடச்சானா? அவனா?" மெஷின் அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். "இருபத்தி ரெண்டுல அவன் வீட்லயே இல்லயேடி. போருக்குல்ல போயிட்டான்? இருபத்தாறுலதான திரும்பி வருவான்."

"அப்ப பழைய நெனப்பு மாதிரி ஏதாச்சும் காட்டிருப்பான்."

"ஒண்ணும் காட்டல. உன் தங்கச்சி தொடரப் பாக்கல. வேற யாரு வீட்டையோ பாத்துட்டுச் சொல்றா," என்று சிரித்தாள் மெஷின் அக்கா.

சிரித்தவள் நீதிபதியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

நீதிபதி போனைக் கையில் எடுத்தாள். எட்டு மாதச் செய்திகளை மேலே தள்ளித் தள்ளிப் போனாள். அவன் அவ போனைப் பிடுங்கிப் படிக்கிறான்ல. சூடான தட்டத் தூக்கி வீசினானே. குளியலறைல வெச்சு வெளிய தாப்பாள் போட்டானே, ராத்திரி பூரா. முடியப் புடிச்சுச் சமையல் மேடையில முட்டினானே, அதுல அவ பல்லு ஆடுதுன்னு காட்டுனாங்களே. ஒவ்வொன்றுக்கும் கீழே இவளுடைய குரல் பதிவு. தொட்டதில் ஒன்று ஓடத் தொடங்கியது. அவளே அவள் போனிலிருந்து சிரித்தாள்: "பல்லு போனப்புறமாச்சும் புத்தி வரணும். வராது. அவளுக்கு வேணும்."

பதிவை நிறுத்தினாள்.

அவன் தினம் போனைப் பிடுங்கிப் படிக்கிறான். படித்தாலும் இரண்டு பெண்கள் சீரியல் கதை பேசுகிறார்கள் என்று விட்டுவிடுவான். பாவி மகள் வேறு என்ன வழியில் சொல்வாள்? சொன்னாள். எட்டு மாதம் திரும்பத் திரும்பச் சொன்னாள். இவள் உட்கார்ந்து மார்க் போட்டிருக்கிறாள்.

"நானும் வரவா?" என்றாள் மெஷின் அக்கா.

"வேணாம். ரெண்டு மணி மூட்டைய நீ பிரிச்சிரு."

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் போனாள். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

சின்னவள் வீடு மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது வாத்தியார். மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தான் போலிருக்கிறது. இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா.

"வாங்கக்கா. ஒரு போன் பண்ணிருக்கலாமே," என்றான் அந்த மெதுவான குரலில். அவள் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான்.

சின்னவள் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். எட்டு மாதமாக நேரில் பார்க்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாக்கு வந்துகொண்டிருந்தது. தோளெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. வலது கையில் சமையலறைத் துணி ஒன்றைச் சுற்றியிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

நீதிபதி கிட்டே போய் அந்தக் கையை முன்னால் எடுத்தாள். துணியைப் பிரித்தாள். பிரிப்பதுதானே அவள் தொழில். வெளிச்சுற்று பழுப்பு, உள்ளே மஞ்சள் நீர் கசிந்து ஒட்டிப்போயிருந்தது. நான்கு நாள் ரத்தம். இரண்டு விரலில் நகம் கறுத்து வீங்கி, நடுவிரலில் நகமே இல்லை. கணுவுக்குக் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு.

"காத்துல கதவு அடிச்சிருச்சுக்கா," என்றான் வாத்தியார் பின்னாலிருந்து.

"காத்து ரெண்டு தடவ அடிச்சுதா?"

அவன் சிரித்தான். பாடம் எடுக்கிற சிரிப்பு. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஒண்ணரை வருஷத்துல விட்டுட்டு ஓடி வந்தவங்க. குடும்பம் நடத்துறவங்களுக்குள்ள ஆயிரம் இருக்கும். உங்களுக்குப் புரியாது."

"எடுடி பைய," என்றாள் நீதிபதி தங்கையிடம்.

சின்னவள் அவனைப் பார்த்தாள். நகரவில்லை.

"அவ எங்கயும் வரமாட்டா," என்றான் வாத்தியார், அதே குரலில். சொல்லிக்கொண்டே நீதிபதியின் பின்னலைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி, அவள் தலையைக் கதவு நிலையில் மோதினான்.

வசனம் இல்லை, இசை இல்லை, யாரும் மெதுவாகப் பறக்கவில்லை. பலகையில் எலும்பு மோதுகிற ஒரு சத்தம், இரண்டாவது முறை மோதியபோது முடி வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த ஒரு சத்தம். அவ்வளவுதான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணை மூடிக்கொண்டது. மண்டை ரத்தம் எப்போதுமே அதிகமாக வரும், பயப்படத் தேவையில்லை என்று தலைக்குள் யாரோ வேலைக் குரலில் சொன்னார்கள். மூன்றாவது மோதலுக்கு அவன் இழுத்தபோது முழங்கையைப் பின்னால் ஓங்கி அவன் விலாவில் செருகினாள். ஈரத் துணி மூட்டையைப் பதினோரு வருடம் தூக்கிய கை அது. அவன் பிடி நழுவியது. செருப்பு அலமாரி மேல் சாய்ந்து விழுந்தாள். அங்கே அவன் காருக்குப் போடும் ஸ்டியரிங் பூட்டு கிடந்தது, ஒரு முழத்துக்கு மேல் நீளமான இரும்புத் தடி.

முதல் அடி முழங்காலில். கிளை முறிகிற மாதிரி இருந்தது. அவன் அப்போதும் கத்தவில்லை. ஆச்சரியப்பட்ட மாதிரி வாயைத் திறந்தான். இரண்டாவது அடியைத் தடுக்கக் கையை நீட்டினான், மணிக்கட்டு வேறு பக்கம் மடங்கியது. அப்போது கத்தினான். மூன்றாவது தோளில். நான்காவது எங்கே விழுந்தது என்று அவளுக்கே தெரியாது; வெள்ளைச் சட்டையில் சிவப்பு பரவியது, ஒரு பல் தரையில் சறுக்கிக்கொண்டு மேசைக்கடியில் போனது. அவன் சுவரோரமாகச் சரிந்து, முறியாத கையால் முகத்தை மறைத்துக்கொண்டான்.

"அக்கா, வேணாங்க்கா, அக்கா," என்றான். குரல் இப்போது மெதுவாக இல்லை.

நன்றாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் அவளுக்கு அது மிக நன்றாக இருந்தது. எட்டு மாதத்துக்கும் சேர்த்து ஒரே அடியில் முடித்துவிடலாம் என்று இருந்தது. இரண்டு கையாலும் தடியைப் பிடித்து, அவன் நடு மண்டையைப் பார்த்துத் தலைக்கு மேலே ஓங்கினாள்.

சின்னவள் வந்து அவன் மேல் விழுந்தாள்.

குறுக்கே படுத்துக்கொண்டாள். நசுங்கிய கையை ஊன்றி, அவன் தலையைத் தன் உடம்பால் மூடினாள். அவள் முதுகில் மேற்சட்டை விலகிய இடத்தில், பழைய தடங்கள் மஞ்சளாகவும் புதியவை நீலமாகவும் தெரிந்தன. அந்த முதுகுக்கு நேர் மேலே இரும்பு நின்றது.

எத்தனை தொடரில் பார்த்திருக்கிறாள் இதை. அடிக்கிறவனைக் காப்பாற்ற வந்து விழுகிற பெண். ஒவ்வொரு தடவையும் துப்பியிருக்கிறாள். இப்போதும் அந்தத் தீர்ப்பு, வழக்கமான அந்த இரண்டு வார்த்தை, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. இவளையும் சேர்த்து ஒன்று போட்டால் என்ன என்று கைக்குள் ஒரு வெறி ஓடியது. அதுவும் உண்மை.

"எந்திரிடி," என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எந்திரின்னு சொன்னேன். இவனுக்கா விழுற? இந்த நாய்க்கா?"

"இவனுக்கு இல்லக்கா," என்றாள் சின்னவள். முகத்தைத் தூக்கினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டாள் நீதிபதி. முன்வரிசையில் இரண்டு பல் இல்லாததால் சொற்கள் காற்றோடு வந்தன. "இவன் செத்துட்டா உன்னப் புடிச்சுட்டுப் போயிருவாங்க. அப்புறம் நான் யாருகிட்டக்கா போவேன்?"

தடி நின்ற இடத்திலேயே நின்றது. சின்னவள் எழுந்து, நன்றாக இருந்த இடது கையால் அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தடியை வாங்கி மேசை மேல் வைத்தாள். பிறகு தாழ்ப்பாளைத் திறந்தாள்.

ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் நீதிபதியே போன் செய்தாள். நான்தான் அடித்தேன் என்றாள். ஏன் என்று கேட்டார்கள், வந்து பாருங்கள் என்றாள். அவன் உள்ளே முனகிக்கொண்டு கிடந்தான். வாசல் கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு இரண்டு பேரும் வெளியே மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுக் கதவு ஒரு விரற்கடை திறந்து மூடிக்கொண்டது. ரப்பர் ஏப்ரனின் உள்பக்கத்தைத் திருப்பிப் புருவத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள் நீதிபதி.

அவளுக்குள் கேள்விகள் முண்டியடித்தன. ஏண்டி நேர்ல சொல்லல. ஏண்டி ஓடி வரல. ஒரு பஸ் ஏற உனக்குத் தெரியாதா. தூக்கி வளத்தவகிட்ட என்னடி வெக்கம். ஒவ்வொன்றும் கேள்வி மாதிரிதான் இருந்தது. உள்ளே பார்த்தால் எல்லாமே தீர்ப்பு. வாயைத் திறந்தாள்.

"ஏன் சொல்லலன்னு மட்டும் கேக்காதக்கா," என்றாள் சின்னவள் முந்திக்கொண்டு. "ஒவ்வொரு தடவையும் சொல்லலாம்னுதான் வருவேன். நீ அந்தப் பொண்ணுங்கள பேசுறதக் கேப்பேன். நீ என்னப் பாத்தும் அப்படிச் சிரிச்சிட்டா, அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே இல்லன்னு தோணும். அவன் அடிக்கிறதக்கூடத் தாங்கிக்கிட்டேன்."

நீதிபதி அழுதாள். நெற்றி ரத்தமும் கண்ணீரும் சேர்ந்து வழிந்ததைத் துடைக்கவில்லை.

"எல்லாத்தையும் சொல்றேன்," என்றாள் சின்னவள். "நடுவுல பேசாம கேப்பியா?"

வாயை மூடிக்கொண்டு தலையாட்டினாள் நீதிபதி. சின்னவள் படிக்கட்டின் இரும்புக் கம்பியில் சாய்ந்துகொண்டு, முதல் நாளிலிருந்து சொல்லத் தொடங்கினாள். கீழே ஆம்புலன்ஸ் வந்து நிற்பதற்கு இருபது நிமிடம் ஆனது. அதற்குள் அவள் கல்யாணமான இரண்டாவது மாதம் வரைதான் வந்திருந்தாள்.